ஓரியன் ஹாலின் பலகைத் தரை

1943 மார்ச் 2, செவ்வாய். பினாங்கு

இது 1941-ஆம் வருடத்து டைரி. ஹாலின் அலமாரியில் ஒரு கட்டு மிச்சம் கிடந்தது. பூச்சிக்கு விட மனமில்லாமல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கிழமைகளை அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததிலிருந்து வருடத்தை அவன் முறைப்படி 2603 என்று போட வேண்டுமாம். ஹாலில் கணக்கெழுதும் கிராணி தங்கையா சொல்கிறார். அவர் தம் ஆபீஸில் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1903-இல். அந்த வரிசையிலேயே நான் செத்துப்போகிறேன்.

ஓரியன் ஹாலில் பதினான்கு வருடமாகத் தரைக்காரன் நான். டான்ஸ் ஹாலில் பேண்டுக்காரனைப் பாராட்டுவார்கள், ஆடுகிற பெண்ணுக்குப் பூ கொடுப்பார்கள். தரையை எவனும் பார்ப்பதில்லை. சறுக்கி விழுந்தால் மட்டும் சூசைமாணிக்கம் எங்கே என்று கேட்பார்கள். காலையில் பெருக்கி, கீறலைச் சுரண்டி, மெழுகு தேய்த்து, கோணிச்சாக்கைக் காலில் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். தேன்மெழுகு இப்போது கிடைப்பதில்லை. கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கி மண்ணெண்ணெயில் கலக்கிறேன். வாரம் ஒருநாள் தரைக்கு அடியில் தவழ்ந்து போய், பலகையைத் தாங்கும் கட்டைகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன்.

வெளிச்செருப்போடு ஒருவனும் தரையில் கால் வைக்கக்கூடாது. அது என் சட்டம். டான்ஸ் ஷூ இருந்தால் மாற்றிக்கொள், இல்லாவிட்டால் வெறுங்காலோடு வா. நாலு பாஷையில் பலகை எழுதி வாசலில் மாட்டியிருக்கிறேன். முதலாளியே ஒருதரம் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

ஆட்டம் முடிந்த தரையைப் பார்த்தே என்ன ஆடினார்கள் என்று சொல்வேன். வால்ட்ஸ் வட்டம் வட்டமாக மெழுகைத் தின்னும். ஃபாக்ஸ்டிராட் நீளக் கோடு போடும். ஜிட்டர்பக் ஆடினால் குதிகால் குழியும், பக்கத்திலேயே பெருவிரல் திருகிய வளைவும் இருக்கும். அந்த வளைவு அழகாக இருந்தால் என் தம்பி மதலைமுத்து ஆடியிருக்கிறான் என்று அர்த்தம்.

மதலைக்கு இருபத்து நாலு வயது. அம்மா கண் மூடும்போது அவனுக்கு ஆறு. அவன் கையைப் பிடித்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்குப் பிள்ளை இல்லை, அவன்தான். ஹாலுக்கு வருகிறவர்களுக்கு ஆட்டம் சொல்லித்தருகிறான். ஆடுவதெல்லாம் ஒரு வேலையா என்று முன்பெல்லாம் திட்டுவேன். இப்போது திட்டுவதில்லை. சயாமில் ரயில் பாதை போடத் தமிழ் ஆட்களை எடுக்கப் போகிறார்களாம். வேலைச் சீட்டு உள்ளவனைத் தொடமாட்டார்களாம். ஓரியன் ஹால் முத்திரை போட்ட சீட்டு அவன் சட்டைப்பையில் இருக்கிறது. ஆகவே நன்றாக ஆடட்டும்.

மார்ச் 5, வெள்ளி

பேண்டு மாஸ்டர் சிரியாகோ இன்று சீக்கிரம் வந்துவிட்டார். மணிலாக்காரர், ட்ரம்பெட் வாசிப்பவர். நான் மெழுகு தேய்க்க, அவர் மேடை விளிம்பில் உட்கார்ந்து மதலைக்கு ஜிட்டர்பக் எப்படிப் பிறந்தது என்று மலாய் பாஷையில் கதை சொன்னார். வேண்டாவெறுப்பாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

இளவயதில் அவர் அமெரிக்கக் கப்பலில் தட்டுக் கழுவினாராம். நியூயார்க்கில் கப்பல் நின்றபோது ஹார்லெம் என்ற பேட்டைக்குப் போனாராம். கறுப்பு மக்கள் வாழும் பேட்டை. பகலெல்லாம் பிறர் வீட்டில் சமைத்தவள், மூட்டை தூக்கியவன், லிஃப்ட் இழுத்தவன் எல்லாரும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு ஒரு ஹாலுக்கு வருவார்களாம். ஒரு தெருவளவு நீளமாம் அந்த ஹால். ஒரு பேண்டு ஓய்ந்தால் அடுத்தது எடுத்துக்கொள்ளும், பாட்டே நிற்காதாம். வெள்ளைக்காரனும் கறுப்பனும் ஒரே தரையில் ஆட அந்த ஊரில் வேறு இடமே கிடையாதாம்.

அதுவரை ஜோடியாக ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்தபடியே ஆடி முடிப்பார்கள். அங்கே எவனோ ஒருவன் நடுவில் அவள் கையை விட்டுவிட்டான். அவள் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம், தங்கள் இஷ்டத்துக்கு நாலு அடி போட்டுவிட்டு மறுபடி ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். கூட்டம் கூரை பறக்கக் கத்தியது. அந்த வருடம்தான் எவனோ ஒரு விமானி தனியாகக் கடல் தாண்டினானாம், பத்திரிகையெல்லாம் அவன் பேச்சு. அவன் பெயரைச் சுருக்கி லிண்டி என்று இந்த ஆட்டத்துக்கு வைத்துவிட்டார்களாம். வெள்ளைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து, தாங்களும் ஆடி, ஜிட்டர்பக் என்று வேறு பெயர் வைத்தார்கள். பிறகு சினிமா, மாலுமிகள், சண்டைக்குப் போன சிப்பாய்கள். மணிலா, ஷாங்காய், ஹாங்காங், அப்புறம் என் தரை.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அந்த ஹாலின் தரை என்ன மரம்? மேப்பிள் என்றார். மூன்று வருடத்துக்கு ஒருதரம் பெயர்த்து மாற்றுவார்களாம், அவ்வளவு தேயுமாம். மூன்று வருடத்தில் தேய்கிறதென்றால் மெழுகு போட்டவன் சரியில்லை என்றேன். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"கைய விடுறதுல என்னடா பெரும?" என்று மதலையிடம் கேட்டேன்.

"விடுறது பெரிசில்ல அண்ணே. திரும்பி வர்றப்ப கை அங்க இருக்கணும். அதான் ஆட்டம்" என்றான்.

மார்ச் 10, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு போய் மெழுகு தேய்த்தேன். தவக்காலத்தில் ஆடக்கூடாது என்று மதலையிடம் என் மனைவி அமலோற்பவம் சொன்னாள். அண்ணி, ஆடலைன்னா சீட்டு போயிரும் என்றான். அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

மார்ச் 19, வெள்ளி

சூசையப்பர் திருநாள். என் பெயர் நாள். மரவள்ளிக்கிழங்கைச் செம்பனை எண்ணெயில் பொரித்துக் கொடுத்தாள் அமலோற்பவம். ஒரு காலத்தில் இந்த நாளில் கோழி அடிப்போம்.

நாலு மணிக்கு டீ டான்ஸ். டோக்கியோ நேரப்படி நாலு. வெயிலைப் பார்த்தால் இரண்டரைதான். மதலையும் டெய்சியும் ஆடினார்கள். டெய்சி ஹாலில் ஆட வரும் சீனப் பெண், உடும்புபோல் பிடி. அவளை முதுகின்மேல் உருட்டி அந்தப் பக்கம் இறக்கினான். இறங்கியவள் நிற்கக்கூட இல்லை, அப்படியே சுழன்றாள்.

அவன் அடியில் ஒரு கோளாறு உண்டு. ஏழு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து இடது கணுக்கால் பிசகியது. எட்டு அடி வரிசையில் ஐந்தாவது அடியை அந்தக் கால் கொஞ்சம் பிந்தித்தான் வைக்கும். நான் அதைக் குறையாக நினைத்தேன். சிரியாகோ அதுதான் ஸ்விங், காசு கொடுத்தாலும் வராது என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட அந்த அடி எனக்குத் தெரியும்.

ஜப்பான் படை அதிகாரி ஒருவரும் கைதட்டினார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஏப்ரல் 6, செவ்வாய்

இங்கிலீஷ் பாட்டு, அமெரிக்கப் பாட்டு எதுவும் கூடாது என்று உத்தரவு. ஜிட்டர்பக் எதிரியின் ஆட்டமாம். சிரியாகோவின் இசைத்தாள்களை மேடைக்குப் பின்னால் எரித்தார்கள். அவர் ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

மாலையில் கிராணி கூப்பிட்டார். தங்கையாவும் தமிழர்தான், ஹால் ஆட்களின் சீட்டு எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது.

"மாணிக்கம், தரைக்கு ஆள் வேணும், ஒங்க சீட்டு இருக்கும். ஆட்டமே இல்லாதப்ப ஆட்டக்காரனுக்கு நான் எப்படிச் சீட்டு போடுறது? நீங்களே சொல்லுங்க."

"தரைக்கு ரெண்டு ஆளுன்னு போடுங்க கிராணியாரே."

"மேல எழுதி அனுப்பிட்டேன். இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்."

ஏப்ரல் 14, புதன்

முனிசிபல் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் காத்தமுத்துவைப் பார்த்தேன். தெருச் சடக்குகளைக் கூட்டுகிறவர்களின் தலைவர், கூட்டுமாறு நல்லதாகக் கட்டுவார்; ஹாலுக்கு அவரிடம்தான் வாங்குகிறேன். அவர் மருமகன் மூன்று மாத ஒப்பந்தம் என்று தானாகவே சயாமுக்குப் போனானாம். ரயிலேறியபின் ஒரு சேதியும் இல்லையாம்.

"நல்ல சாப்பாடுன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனானுங்க அண்ணே" என்றார். நல்லதாகவே இருக்கும் என்றேன். வேறென்ன சொல்வது.

ஏப்ரல் 23

பெரிய வெள்ளி. ஒன்றும் சாப்பிடவில்லை. மற்ற நாட்களிலிருந்து அதிக வித்தியாசமில்லை.

மே 1, சனி

மதலையின் சீட்டு முடிந்தது. எங்கள் வீடு ஹாலுக்குப் பின்னாலேயேதான்; அடுப்படிக்கு மேலே விறகு அடுக்கும் பரணில் அவனைப் படுக்க வைத்திருக்கிறோம். ஆறடி ஆள். மடங்கித்தான் படுக்கிறான்.

மே 9, ஞாயிறு

பரணில் டொக்டொக்கென்று சத்தம். ஏறிப் பார்த்தால் படுத்தபடியே உத்தரத்தில் குதிகாலால் தாளம் போடுகிறான். ஓங்கி ஒரு அறை விட்டேன். அவன் காலை மடக்கிக்கொண்டான். பிறகு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மே 22, சனி

அவன் கான்வாஸ் ஷூ பிய்ந்துவிட்டது. பலாக்கட்டையில் ஒரு ஜோடி மரச்செருப்பு செதுக்கினேன். லாரி டயரிலிருந்து வார் வெட்டினேன். இடது கணுக்காலுக்கு வலிக்காதபடி இடது வாரை மட்டும் அகலமாக வைத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஆடலாம் அண்ணே, மரத்துக்கு மரம்" என்றான்.

ஜூன் 13, ஞாயிறு

இன்று பதுவை அந்தோனியார் திருநாள். பூசை முடிந்து வரும்போது லயத்தில் கூட்டம். சயாமிலிருந்து ஒருவன் தப்பி வந்திருக்கிறான். எப்படி வந்தான் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே இலை சுற்றியிருந்தது. அந்த நாற்றத்தை எழுத முடியாது.

அவன் சொன்னது: "மூங்கில் முள்ளுதான் எல்லாரையும் கொல்லுது. சின்னக் கீறல்தான் படும். பத்தாம் நாள் எலும்பு தெரியும். காலுல செருப்பு இருக்குறவன் கொஞ்சநாள் தாங்குவான். வெறுங்கால் ஆளு மழைக்காலம் தாண்ட மாட்டான்."

அவனுக்குக் காத்தமுத்துவின் மருமகனைத் தெரியுமாம். காத்தமுத்து அவனைத் தனியாகக் கூட்டிப் போய்ப் பேசினார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மதலையிடம் சொல்லவில்லை.

ஜூன் 30, புதன்

லயத்துக்கு எதிர் வரிசையில் வீடு வீடாகச் சோதனை. அடுத்தது எங்கள் சடக்கு என்கிறார்கள்.

ஜூலை 2, வெள்ளி

கிராணி தம் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வருகிற 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகல் ஹாலில் இலவச ஷோவாம். இந்தியர்களுக்கு மட்டும். அன்று ஒருநாள் பழைய பாட்டெல்லாம் வாசிக்கலாமாம், ஜிட்டர்பக்கூட ஆடலாமாம். டீயும் ரொட்டியும் உண்டாம்.

"லயத்து ஆளுங்க ஒங்க பேச்சக் கேப்பாங்க மாணிக்கம். எரநூறு பேரு வரணும். வயசுப் பசங்களா, தெடகாத்திரமா."

"ஷோ பாக்கத் தெடகாத்திரம் எதுக்குக் கிராணியாரே?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து வைத்தார். மதலைமுத்து, தரை வேலை, டிசம்பர் வரைக்கும். முத்திரை விழுந்திருந்தது. மை காயட்டும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பக்கக் கதவு மூன்றையும் ஆணி அடிக்கச் சொன்னார். காற்றில் அடித்துக்கொள்கின்றனவாம். ஜூலையில் காற்று உண்டுதான்.

ஜூலை 4, ஞாயிறு

லயத்துக்குப் போனேன். காத்தமுத்து, "நெசமாவே சும்மாவா? சோதன கீதன இருக்காதே?" என்றார்.

"நம்ம ஹாலு. என் தரை. என்ன ஆகப்போவுது?" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான் அண்ணே" என்றார். அவர் மனைவி சின்னக்கண்ணு எனக்கு வெல்லம் போடாத காப்பி கொடுத்தாள். காப்பி என்பது வறுத்த மரவள்ளித் தூள். கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுத்தாள்.

ஜூலை 7, புதன்

நாலங்குல ஆணி. கதவுக்குப் பதினாறு.

சீட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. இன்னும் மதலையிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் எப்படிக் கிடைத்தது என்று கேட்பான். ஞாயிற்றுக்கிழமை கழியட்டும்.

ஜூலை 10, சனி

கோயில் மெழுகு முழுவதையும் போட்டுத் தேய்த்தேன். முகம் தெரிகிறது. பதினான்கு வருடத்தில் இப்படி ஒரு பளபளப்பு வந்ததில்லை.

சாப்பிடும்போது மதலையிடம், "நாளைக்குப் பரண விட்டு எறங்காத. சோதன இருக்குது" என்றேன்.

அமலோற்பவம் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊரையே ஷோவுக்குக் கூப்பிட்டுட்டு வந்தீங்க. அன்னிக்கே சோதனன்னு சொல்றீங்க. தம்பிய மட்டும் ஏன் வரவேணாங்குறீங்க?"

நான் என்ன சொன்னேன் என்று எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 11, ஞாயிறு

தரை நன்றாக இருந்தது.

ஜூலை 12, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும்.

ஒரு மணியிலிருந்தே வரத் தொடங்கினார்கள். குளித்து, தலை வாரி, வெள்ளை வேட்டி இருந்தவன் வெள்ளை வேட்டி கட்டி வந்தான். வாசலில் பலகையைப் பார்த்தார்கள். படிக்கத் தெரிந்தவன் படிக்காதவனுக்குச் சொன்னான். ஒருவனும் மறுக்கவில்லை, கோயில் வாசலில் கழற்றுவதுபோல் செருப்பை வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போனார்கள். காத்தமுத்து கடைசியாகக் கழற்றினார். "தரை சாமி சன்னதியாட்டம் இருக்குது அண்ணே" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பாட்டு வெளியே கேட்டால் ஆட்கள் வருவார்கள் என்று ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொன்னார் கிராணி. எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி உண்டு. பிறகு என்னிடம், "எரநூறு பேரு பாரம். கட்டை தாங்குதான்னு அடியில போய்ப் பாருங்க. நான் கூப்பிடுற வரைக்கும் வராதீங்க" என்றார். போனேன்.

தரைக்கு அடியில் இருட்டு. தலைக்கு ஒரு சாண் மேலே பலகை. மேலே அவர்கள் நடப்பதும், உட்காருவதும், சிரிப்பதும் கேட்டது. சிரியாகோ வாசிக்கத் தொடங்கினார். மூன்று மாதம் அடைத்துவைத்த மூச்சையெல்லாம் சேர்த்து வாசித்தார். டெய்சியின் ஷூ கேட்டது. தனியாக ஆடினாள், ஜோடிக்கு ஆளில்லாமல் அங்கேயும் இங்கேயும் போனாள். ஆட்கள் விசிலடித்தார்கள்.

பிறகு வேறொரு கால் சேர்ந்தது. வெறுங்கால். எட்டு அடி. ஐந்தாவது அடி கொஞ்சம் பிந்தியது.

வெறுங்காலில் எல்லார் அடியும் ஒன்றுபோலத்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன். பலகைக்கு அடியில் சத்தம் மாறித்தான் வரும். லயத்துப் பையன் எவனாவது ஆடிப் பார்க்கிறான். அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பாட்டு முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஐந்து நிமிஷம் இருக்கும். ஐந்து நிமிஷமும் அந்தக் காலின் கீழே மல்லாந்து படுத்திருந்தேன். பலகையில் கையை வைத்தேன். அவன் சுழலும்போது அது என் உள்ளங்கையில் தெரிந்தது. தட்டவில்லை. கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கிராணிக்குக் கேட்டிருக்கும்.

பெரிய கதவு சாத்தும் சத்தம். பூட்ஸ். பாட்டு நடுவிலேயே நின்றது. பிறகு இருநூறு பேரின் கால்களும் ஒரே பக்கம் ஓடின, அப்புறம் மறுபக்கம், அப்புறம் பக்கக் கதவுகளை நோக்கி. என் ஆணிகள் தாங்கின. தரை அப்படிக் குதித்ததை நான் கேட்டதில்லை. கட்டைகளும் தாங்கின.

லாரிகள் போனபின் கிராணி கூப்பிட்டார். வெளியே வந்தேன். வெயில் இன்னும் இருந்தது. வாசலில் செருப்புகள் வரிசை கலையாமல் அப்படியே கிடந்தன. வரிசையின் கடைசியில், கொஞ்சம் தள்ளி, ஒரு ஜோடி மரச்செருப்பு. லாரி டயர் வார். இடது வார் அகலம்.

சீட்டை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினேன். அக்கரையில் பிறை ஸ்டேஷனில்தான் ரயில். போய்ச் சேரும்போது பெட்டிகளை அடைத்துவிட்டார்கள். சாமான் பெட்டிகள், ஜன்னல் கிடையாது. ஒவ்வொரு பெட்டியாகத் தட்டி மதலை, மதலை என்று கத்தினேன். எல்லாப் பெட்டியிலிருந்தும் கத்தினார்கள். காவல்காரனிடம் சீட்டைக் காட்டினேன். அவன் வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். ரயில் போயிற்று.

வீட்டில் அமலோற்பவம் சொன்னாள்: "ட்ரம்பெட் சத்தம் கேட்டதும் எறங்கிட்டான். போவாதடான்னேன். 'அண்ணன் அங்கதான இருக்காரு அண்ணி, எனக்கு என்ன பயம்'னு சிரிச்சுக்கிட்டே போனான்."

சீட்டை அவளிடம் காட்டவில்லை.

ஜூலை 13

முழங்காலில் நின்று செபம் சொல்லப் பார்த்தேன். வரவில்லை.

ஜூலை 15, வியாழன்

செருப்புகளை எடுத்துப்போக லயத்துப் பெண்கள் வந்தார்கள். கிராணி ஆபீஸை விட்டு வெளியே வரவில்லை. ஒவ்வொருத்தியும் குனிந்து தேடினாள். நிறம் பார்த்து, தையல் பார்த்து, பெருவிரல் பதிந்த குழி பார்த்துக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவள் அதை மடியில் கட்டிக்கொண்டாள். ஒருத்தி, "வெறுங்காலோடயா போனாரு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

சின்னக்கண்ணு காத்தமுத்துவின் செருப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் திண்டாடிப்போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நாங்க மொதல்ல ஒங்க மேலதான் சந்தேகப்பட்டோம் அண்ணே. மன்னிச்சிருங்க. ஒங்க தம்பியையே கொண்டு போயிட்டானுங்களே. தெரிஞ்சிருந்தா ஒங்க ரத்தத்தையே அனுப்புவீங்களா?"

மற்ற பெண்களும் சுற்றி நின்றார்கள். எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் நின்று கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 20, செவ்வாய்

தரையை இன்னும் தொடவில்லை. கிராணி திட்டுகிறார். புது மெழுகில் வெறுங்கால்கள் முழுசாகப் பதிந்திருக்கின்றன, ஐந்து விரலும் தெரியும்படி. கதவுகளின் பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. மேடைக்கு முன்னால் மட்டும் ஓர் இடம் தெளிவாக இருக்கிறது. டெய்சியின் குதிகால் குழிகளும், எதிரே பெருவிரல் திருகிய வளைவுகளும். ஆறு வளைவு. கடைசி வளைவு பாதியில் நிற்கிறது.

ஜூலை 23, வெள்ளி

கிராணி சொன்னார்: "அடுத்த மாசம் எட்டாந்தேதி இன்னொரு ஷோ. ரயிலுக்கு ஆளு பத்தலையாம். ரப்பர் தோட்டத்து ஆளுங்கள நீங்கதான் கூப்பிடணும்."

"இனிமே எவன் வருவான்?"

"வருவாங்க. தம்பியப் பறிகொடுத்தவரு வந்து கூப்பிட்டா வருவாங்க. இந்தத் தடவ யாராவது ஒரு செட்டியாரு பேருல அன்னதானம்னு சொல்லிக்கலாம். ஒங்க பேச்சுக்கு முன்னவிட இப்ப மதிப்பு கூடியிருக்குது மாணிக்கம்."

கெடுதல் செய்கிறோம் என்ற குரலில் அவர் சொல்லவில்லை. அவருக்கும் மூன்று பெண்பிள்ளைகள். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

ஜூலை 28, புதன்

லயத்துக்குப் போனேன். சின்னக்கண்ணு வாசலில் காத்தமுத்துவின் செருப்பைத் துடைத்து வெயிலில் வைத்திருந்தாள், பூஞ்சை பிடிக்காமலிருக்க. உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"கதவுக்கு ஆணி அடிச்சது நான்தான்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். சீட்டை எடுத்துக் காட்டினேன். என்ன தேதியில் கொடுத்தார்கள் என்று சொன்னேன். மதலையைப் பரணில் இருக்கச் சொன்னதையும், ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். தரைக்கு அடியில் கேட்டதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அது யார் அடி என்று எனக்கு அப்போதே தெரியும் என்பது என் வாயிலிருந்து வந்தது. எட்டாந்தேதி என்ன நடக்கும் என்று சொல்லி, தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் சேதி அனுப்பச் சொன்னேன்.

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் நின்றேன். உள்ளே அழுகைகூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7, சனி

தரையைத் தேய்த்தேன். மேடைக்கு முன்னால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். வாசல் பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தேன். மழையில் நனைந்த மரம், புகைந்துகொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

நாலு மணி வரை ஒருவரும் வரவில்லை. டீ ஆறிப்போயிற்று. சிரியாகோ வாசித்து வாசித்து ஓய்ந்தார். லாரிகள் வெளியே நின்றன. கிராணியின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன செஞ்சீங்க மாணிக்கம்? யாருகிட்ட என்ன சொன்னீங்க?" என்றார்.

வீட்டிலிருந்து மதலையின் மரச்செருப்பைப் பையில் கொண்டு வந்திருந்தேன். வாசலில் உட்கார்ந்து என் செருப்பைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டேன். இடது வார் தொளதொளத்தது. மற்றபடி சரியாகத்தான் இருந்தது. அப்படியே உள்ளே போனேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக வெளிச்செருப்போடு அந்தத் தரையில் நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் மெழுகு பெயர்ந்து பலகையில் பிறைபோல் ஒரு வடு விழுந்தது. கிராணி என் காலையே பார்த்தார். அவரோடு நின்ற ஜப்பான் அதிகாரியும் பார்த்தார். மேடைக்கு முன்னால் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு அவர்களிடம் போனேன்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் கிராணியாரே" என்றேன்.

அதிகாரி கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணி என்னைக் காட்டினார். ஒரு ஆளாவது போகட்டும் என்று சொல்லியிருப்பார். என் சீட்டை வாங்கிக் கிழித்தார்கள்.

வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துக்கொள்ள ஒரு சிப்பாயோடு அனுப்பினார்கள். அவன் வாசலில் நிற்கிறான். இதை அடுப்படியில் நின்றுகொண்டு எழுதுகிறேன். அமலோற்பவம் மூட்டை கட்டுகிறாள். எதற்கு நீங்களாகப் போய் மாட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டு அழுகிறாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. மரச்செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறேன். அவனைப் பார்த்தால் கழற்றிக் கொடுத்துவிடுவேன்.

டைரியை அவளிடம் கொடுக்கிறேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். நான் ரயிலேறிய பிறகுதான் ஜூலை மாதத்துக்கு வந்து சேர்வாள்.